அமைதிப் பணிக்கு ஆட்களைப் பழக்குங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் சமூகப்பணி, ஊரக மேம்பாடு, காந்திய சிந்தனை, மனித உரிமைக் கல்வி ஆகிய துறைகளின் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு இதை எழுதுகிறேன்.

போர் நடக்கும் நாடுகளிலும் போர் ஓய்ந்த நாடுகளிலும் ஆயுதம் ஏந்தாமல் வேலை செய்யும் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. தேர்தல் நடத்திக் கொடுப்பவர்கள், போர்நிறுத்த மீறல்களைப் பதிவு செய்பவர்கள், காணாமல் போனவர்களின் பட்டியலைத் தொகுப்பவர்கள், ஊர் திரும்பும் அகதிகளின் நிலத் தகராறுகளில் நடுநின்று பேசுபவர்கள், மூடிய நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் மறுபடி நடக்க வழி செய்பவர்கள். உங்கள் மாணவர்களில் சிலர் ஆண்டுதோறும் இந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் கோட்பாடு சொல்லித் தருகிறீர்கள். அமைதிக் கல்வியில் பட்டம் பெறவும் தமிழ்நாட்டில் வழியிருக்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்து பழக இடமில்லை. செவிலியர் படிப்பில் வார்டுக்குப் போகாமல் யாரும் தேற முடியாது. இந்தப் படிப்பில் களத்தைப் பார்க்காமலே தேறிவிடலாம். சிவிலியன்களின் அமைதிப் பணி பழகித் தேற வேண்டிய தொழில் என்பதும், பழகாதவர்களை அனுப்பினால் அதற்கான விலையை அங்குள்ள மக்கள் உயிராகக் கொடுக்கிறார்கள் என்பதும், அந்தப் பழக்கத்தைத் தரும் இரண்டாண்டுப் படிப்பை நீங்கள் தொடங்க வேண்டும் என்பதும்தான் இந்த மடலில் நான் சொல்ல வருவது.

சான்றுக்குத் தொலைவாகப் போக வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில், வன்னியில் இருக்கும் ஐ.நா. பணியாளர்களின் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னது. சில நாட்களுக்குள் ஐ.நா.வும் ஏறத்தாழ எல்லாப் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியைக் காலி செய்தன. போகாதீர்கள் என்று கேட்டு மக்கள் ஐ.நா. அலுவலக வாசலில் திரண்டு நின்றார்கள். வெளிநாட்டுப் பணியாளர்கள் வெளியேறினார்கள். உள்ளூர்த் தமிழ்ப் பணியாளர்கள் பலர் குடும்பங்களோடு உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். அடுத்த எட்டு மாதங்களில் அங்கே நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ஐ.நா. எப்படி நடந்துகொண்டது என்று ஆராய ஐ.நா.வே அமைத்த சார்லஸ் பெட்ரி தலைமையிலான குழுவின் அறிக்கை 2012 நவம்பரில் வெளிவந்தது. கிளிநொச்சியை விட்டு வெளியேறியது மக்களைக் காக்கும் வாய்ப்பைப் பெரிதும் குறைத்தது என்றது அந்தக் குழு. பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தங்கள் பொறுப்பு என்று கொழும்பிலிருந்த ஐ.நா. மூத்த அதிகாரிகள் பலர் கருதவே இல்லை என்றது. அரசியல், ஆயுத மோதல், மனித உரிமை, போர்க்காலச் சட்டம் ஆகியவற்றில் போதிய அனுபவம் இல்லாதவர்கள் கையில் களத் தலைமை இருந்தது என்றும், அவர்களுக்குத் தலைமையகத்தின் துணையும் கிடைக்கவில்லை என்றும் சொன்னது.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இந்தக் கடைசிக் கண்டறிதல். அந்த அதிகாரிகள் தங்கள் வேலையில் குறைந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மேம்பாட்டுப் பணியில் தேறியவர்கள் அவர்கள். ஊட்டச்சத்துத் திட்டம் வகுக்கவும், அரசோடு ஒப்பந்தம் போடவும், நிதியை உரிய காலத்தில் செலவழித்துக் கணக்குக் காட்டவும் அறிந்தவர்கள். மேம்பாட்டுப் பணியில் அரசு கூட்டாளி. அதன் மனம் கோணாமல் நடந்துகொள்வதுதான் அங்கே திறமை. அதே அரசு தன் குடிமக்கள் மீது குண்டு வீசும்போது அந்தத் திறமையே கையைக் கட்டிப்போடுகிறது. எந்த இடத்தில் கூட்டாளித்தனம் முடிந்து கடமை தொடங்குகிறது, அதை எந்தச் சட்டப் பிரிவைக் காட்டிச் சொல்வது, சொன்னால் என்ன இழப்போம், சொல்லாவிட்டால் யார் எதை இழப்பார்கள் என்பதையெல்லாம் குண்டு விழும் நாளில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். திட்ட மேலாண்மை இருக்கும், நிதி திரட்டல் இருக்கும், பங்கேற்பு மதிப்பீடு இருக்கும். கொழும்பில் 2008இல் இருந்த அதிகாரிகளைப் போன்றவர்களைத்தான் நாமும் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

‘பயிற்சி இருந்திருந்தால் மட்டும் குண்டு நின்றிருக்குமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நின்றிருக்காது. நின்றிருக்கும் என்று சொல்பவர் வன்னியில் மடிந்தவர்களை அவமதிக்கிறார். ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2009 ஜனவரியில் உணவு வண்டிகளோடு உள்ளே போன ஐ.நா. தொடரணியில் இருவர் திரும்பாமல் சுதந்திரபுரம் பகுதியில் தங்கினார்கள். அது அரசே அறிவித்திருந்த பாதுகாப்பு வலயம். பதுங்குகுழி வெட்டினார்கள். தாங்கள் இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளை ராணுவத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகும் எறிகணைகள் அங்கேயே விழுந்தன. விழுந்ததைப் படமெடுத்தார்கள், பதிவு செய்தார்கள். கொழும்பில் இன்னொரு சிறு குழு, உள்ளே இருந்த மருத்துவர்கள், பணியாளர்கள் போன்றோரிடமிருந்து வந்த தகவல்களை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து, தனித்தனி ஆதாரங்களால் உறுதியான மரணங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த எண்ணிக்கையை வெளியிடும் துணிவு மேலிடத்துக்கு இல்லாமல் போனது. இருந்தும் 2011இல் ஐ.நா. நிபுணர் குழு தன் அறிக்கையை எழுதியபோது அந்தப் பதிவுகள் அடித்தளமாக நின்றன. இன்றைக்கும் ஜெனீவாவில் அந்தப் போரைப் பற்றி வாதிட முடிகிறது என்றால், யாரோ சிலர் முறையாக எழுதி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். பயிற்சி குண்டைத் தடுக்கவில்லை. நடந்ததை இல்லை என்று சாதிக்க முடியாமல் செய்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அதே பயிற்சி இருந்து, எண்ணிக்கை பிப்ரவரியிலேயே வெளிவந்திருந்தால் எவ்வளவு மாறியிருக்கும் என்று யாராலும் அளக்க முடியாது. ஒன்றும் மாறியிருக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நிகழ்வு, மூதூர். 2006 ஆகஸ்டில் அந்த ஊருக்காக விடுதலைப் புலிகளும் இலங்கை ராணுவமும் மோதிக்கொண்டபோது, பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட பசி ஒழிப்புத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் தங்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குடிநீர் ஏற்பாடு செய்யும் வேலையில் இருந்தவர்கள். ஆகஸ்ட் 4 அன்று 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் முஸ்லிம், மற்றவர்கள் தமிழர்கள். அத்தனை பேரும் உள்ளூர்ப் பணியாளர்கள். அரசுப் படைகளே பொறுப்பு என்று நார்டிக் நாடுகளின் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு முடிவுக்கு வந்தது, அரசு மறுத்தது, இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. கொலைக்குப் பொறுப்பு கொன்றவர்களுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் மனிதநேயப் பணியின் உலகத்துக்கு அந்தக் கொலை ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. சண்டை நெருங்கும்போது ‘இருங்கள்’, ‘கிளம்புங்கள்’ என்று முடிவெடுப்பவர் யார்? அந்த முடிவில், நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை தனக்குக் கேடயமாகுமா ஆகாதா என்பதை ஊரறிந்து சொல்லக்கூடிய உள்ளூர் ஆளுக்கு எவ்வளவு குரல்? உலகெங்கும் இந்தப் பணியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். கொல்லப்படுபவர்களிலும் அவர்களே மிகுதி. பயிற்சிக்கான பணமோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கே செலவாகிறது.

சிவிலியன்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பதை உலகம் தாமதமாகத்தான் உணர்ந்தது. 1999இல் கொசோவோவை ஆளும் பொறுப்பு ஐ.நா.விடம் வந்தபோது நீதிபதி, காவலர், சுங்க அதிகாரி, நகராட்சி அலுவலர் என ஒரு நாட்டுக்கு வேண்டிய அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள். படைவீரர்களைத் திரட்ட முடிந்தது. இவர்களைத் திரட்ட முடியவில்லை. ஐ.நா. அமைதிப் பணிகளை ஆராய்ந்து 2000இல் வந்த பிராஹிமி அறிக்கை அந்தக் குறையை வெளிப்படையாகச் சொன்னது. அதன் பிறகு சுவீடனில் போல்கே பெர்னடாட் கழகம், பெர்லினில் பன்னாட்டு அமைதிப் பணிகளுக்கான மையம் என்று 2002 என்ற ஒரே ஆண்டில் இரண்டு நிறுவனங்கள் எழுந்தன. ஆஸ்திரியாவின் ஷ்லைனிங் கோட்டையில் 1993லிருந்தே ஒரு பயிற்சி நடந்து வந்தது. ஆப்பிரிக்காவில் அக்ராவின் கோஃபி அன்னான் மையம் ராணுவத்தினரையும் காவல்துறையினரையும் சிவிலியன்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கிறது. இவை எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் இவற்றில் மிகுந்த எண்ணிக்கையில் நடப்பவை சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் முடியும் வகுப்புகள். கடத்தப்பட்டால் எப்படி நடந்துகொள்வது, கண்ணிவெடி நிலத்தில் எப்படிப் பின்வாங்குவது, ரத்தம் கொட்டும் காயத்துக்கு எப்படிக் கட்டுப் போடுவது என்பவை கட்டாயப் பாடங்கள். போகிறவரின் உயிரைக் காக்கும் பாடங்கள் அவசியம்தான். அங்கே ஏற்கெனவே இருக்கிறவரின் உயிரைக் காக்கும் பாடங்களுக்கு நேரம் போதுவதில்லை என்பதுதான் குறை.

காங்கோவில் நீண்ட காலம் ஆய்வு செய்த செவரின் ஒட்டசேர் 2014இல் எழுதிய ‘பீஸ்லாண்ட்’ என்ற நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. தேர்தலில் நிபுணர், சட்டச் சீர்திருத்தத்தில் நிபுணர் என்று துறை அறிவுக்குக் கிடைக்கும் மதிப்பு, இந்த நாட்டை, இந்த மாவட்டத்தை, இந்த மொழியை அறிந்தவர் என்ற ஊர் அறிவுக்குக் கிடைப்பதில்லை என்பது அவருடைய முக்கியமான கருத்து. ஒரே ஆள் கொசோவோவிலிருந்து கிழக்குத் திமோருக்கும் அங்கிருந்து லைபீரியாவுக்கும் ஓராண்டு, ஈராண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார். மொழி தெரியாது, பாதுகாப்பு விதிகளால் மதிலுக்கு வெளியே தங்க முடியாது, மாலை ஆனதும் தம்மைப் போன்றவர்களோடு மட்டுமே பழக்கம். இத்தகையவர் எழுதும் அறிக்கையில் ஒரு நிலத் தகராறு இனச் சண்டையாகத் தெரியும்; இனச் சண்டை வெறும் கொள்ளையாகத் தெரியும். அந்த அறிக்கையின் மேல் கட்டப்படும் திட்டம் எத்தனை கோடி செலவழித்தாலும் நிற்பதில்லை.

இதற்கு மாற்று எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மனியின் சிவிலியன் அமைதிச் சேவையைச் சொல்லலாம். பால்கன் போர்களைப் பார்த்து மனம் நொந்த தேவாலயங்களும் அமைதி இயக்கங்களும் தொண்ணூறுகளில் எழுப்பிய கோரிக்கையில் பிறந்தது அது. அதன்படி போகிறவர் ஏற்கெனவே ஒரு தொழிலில் தேறியவராக இருக்க வேண்டும். சில மாதங்கள் தயாராக வேண்டும். பிறகு சில ஆண்டுகள் ஒரே இடத்தில், அங்குள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நமக்கு இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஜெர்மன் மத்திய அரசு இந்தச் சேவையை ஏற்றது 1999இல். ஆனால் முதல் முன்னோடிப் பயிற்சி வகுப்பு 1997இலேயே தொடங்கிவிட்டது. அதற்குப் பணம் கொடுத்தது நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா என்ற மாநிலத்தின் அரசு. வெளியுறவு மத்திய அரசின் அதிகாரம், மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன வேலை என்று சிண்டிகேட் கூட்டத்தில் யாரேனும் கேட்டால், இந்த ஒரு சான்றை எடுத்து வையுங்கள். தூதரை அனுப்புவது டெல்லியின் வேலை. ஆளைப் பழக்குவது கல்வி.

ஆயுதமில்லாத ஆள் ஆயுதத்தின் முன் என்ன செய்துவிட முடியும் என்ற ஐயமும் நியாயமானதே. 2014 ஏப்ரல் 17 அன்று தெற்கு சூடானின் போர் (Bor) என்னும் நகரில், ஐ.நா. முகாமில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது ஆயுதக் கும்பல் பாய்ந்தது. ஐம்பது பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்த ஒரு மண் குடிசைக்குள் பத்துக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் பதுங்கியிருந்தார்கள். அவர்களோடு ‘நான்வயலென்ட் பீஸ்ஃபோர்ஸ்’ அமைப்பின் ஊழியர்கள் இருவர். துப்பாக்கியோடு வந்தவர்கள் இந்த இருவரையும் வெளியே போய்விடச் சொன்னார்கள். அடையாள அட்டையைக் காட்டி, நாங்கள் மனிதநேயப் பணியாளர்கள், போக மாட்டோம் என்று இவர்கள் சொன்னார்கள். மூன்று முறை வந்தார்கள், மூன்று முறையும் அதே பதில். குடிசைக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். யாருடைய வண்டியில் போவது, எங்கே நிறுத்துவது, எந்தத் தளபதிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது, குரலை எந்த அளவில் வைப்பது, கையை எங்கே வைப்பது, எதைக் கேட்டால் எதைச் சொல்வது என்று அந்த அமைப்பு தன் ஆட்களைத் திரும்பத் திரும்ப நடித்துப் பழக வைக்கிறது. தாக்க வருபவனுக்குச் சாட்சியைப் பற்றிய அச்சம் இருக்கும் இடத்தில் மட்டுமே இந்த முறை பலிக்கும், எல்லா இடத்திலும் பலிக்காது. எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று கணிப்பதும் அந்தப் பயிற்சியில் அடக்கம்.

அந்த அமைப்பு எங்கே பிறந்தது என்பதையும் உங்கள் மாணவர்கள் அறிய வேண்டும். 2002இன் இறுதியில், டெல்லிக்கு அருகே சூரஜ்குண்டில் நடந்த மாநாட்டில் அது தொடங்கப்பட்டது. அதன் முதல் களம் 2003இல் இலங்கை. மூதூர், வாழைச்சேனை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் அதன் குழுக்கள் தங்கின. அந்த எண்ணத்தின் வேர் இன்னும் பின்னால் போகிறது. காந்தி கனவு கண்ட சாந்தி சேனையை வினோபா 1957இல் கேரளத்தில் தொடங்கினார். ஜெயப்பிரகாஷ் நாராயணும் நாராயண் தேசாயும் அதை வளர்த்தார்கள். 1981இல் கனடாவில் பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் உருவானபோது நிறுவியவர்களில் நாராயண் தேசாயும் ஒருவர். 1964 செப்டம்பரில் நாகாலாந்தில் போர்நிறுத்தம் வந்தபோது, அதைக் காக்க அங்கே போய்த் தங்கியவர்களில் கோவையைச் சேர்ந்த எம். அறம் இருந்தார். நாகாலாந்து அமைதி மையத்தை நடத்தியபடி, பல ஆண்டுகள் அந்த மலைகளில் வாழ்ந்தார். தலைமறைவு நாகர்களும் ராணுவமும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டும் ஒவ்வொரு முறையும் உண்மையை விசாரித்துச் சொல்ல ஆட்கள் வேண்டியிருந்தது. அந்த வேலை ஓராண்டில் முடிகிற வேலையாக இல்லை. பின்னாளில் அறம் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இன்று ஐரோப்பிய மையங்கள் அமைதிப் பணியின் உயிர்நாடி என்று கற்பிக்கும் நீண்ட தங்கலை, நடுநிலை விசாரணையை, இரு தரப்பின் நம்பிக்கையை ஒரு தமிழர் செய்து காட்டி அரை நூற்றாண்டு ஆகிறது. இன்றும் இந்தியா இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை ஐ.நா. அமைதிப் படைகளுக்கு அனுப்பியதாகப் பெருமைப்படுகிறது. அவர்களுக்கு டெல்லியில் 2000 முதல் தனிப் பயிற்சி மையம் இருக்கிறது. அறம் போன்றவர்களைப் பழக்க அதற்கு இணையாகப் பெயர் சொல்லும்படி ஒன்றுமில்லை.

அமைதி என்ற சொல்லோடு வெளியிலிருந்து வருகிறவரைத் தமிழர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். 1987 ஜூலைக்குப் பிறகு யாழ்ப்பாணம் பார்த்த அமைதிப்படையின் நினைவு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று கேட்கவும் எனக்கு உரிமையில்லை. அமைதிக் கட்டமைப்பு என்பதே மேற்கு நாடுகள் தங்கள் நலனுக்காக நடத்தும் தொழில் என்று கருதுவோரும் உங்களில் இருப்பீர்கள். அந்த விமர்சனத்தில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். பணம் கொடுக்கும் நாடு எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று வரையறுப்பதைப் பல நாடுகளில் பார்த்தாகிவிட்டது. ஹைத்தியில் 2011இல் ஆக்ஸ்ஃபாம் ஊழியர்கள் சிலர் செய்த பாலியல் முறைகேடுகள் 2018இல் வெளியானபோது, உதவி பெறுபவருக்கும் கொடுப்பவருக்கும் இடையிலான அதிகார இடைவெளி என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இந்த விமர்சனம் எங்கே கொண்டு சேர்க்கிறது? மேற்கத்தியர் மட்டுமே இந்தப் பணியின் மேலிடங்களில் இருந்தால் இந்தக் குறைகள் தொடரும். போரை உள்ளிருந்து அனுபவித்த, காலனியாட்சியின் வடுவை அறிந்த, பல மொழிகளுக்கிடையே வளர்ந்த சமூகங்களிலிருந்து தேர்ந்த ஆட்கள் போக வேண்டும். மொழிபெயர்ப்பாளராகவும் ஓட்டுநராகவும் மட்டும் அல்லாமல் முடிவெடுப்பவராகப் போக வேண்டும். அதற்குத் தகுதி கேட்பார்கள். அந்தத் தகுதியை யாரும் மறுக்க முடியாத அளவுக்குத் தருவது உங்கள் கையில் இருக்கிறது.

வேலை எங்கே என்று நிதி அலுவலர் கேட்பார். கேள்வி நேரானது, பதிலும் நேராக இருக்க வேண்டும். மாலியில் ஐ.நா. பணி 2023இல் அந்நாட்டு ராணுவ அரசின் வற்புறுத்தலால் மூடப்பட்டது. 2025இல் அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் நிறுவனம் கலைக்கப்பட்டதால் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், ஐ.நா. அமைப்புகளும் ஆட்களைக் குறைக்கின்றன. ஆகவே பெரும் எண்ணிக்கையில் மாணவர் சேர்க்க வேண்டாம். ஆண்டுக்கு இருபது பேர் போதும். பணம் சுருங்கும் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஆளைக் கொண்டுவந்து மதிலுக்குள் வைத்துக் காக்கும் முறைதான் முதலில் நொடிக்கும். குறைந்த செலவில் நெடுங்காலம் தங்கி, மொழி பேசி வேலை செய்பவருக்கு அப்போதும் இடமிருக்கும். மேலும் இந்தப் பயிற்சி பெற்றவர் வெளிநாட்டுக்குப் போகாவிட்டாலும் வீணாவதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது, 2023இல் நாங்குநேரியில் சக மாணவர்களால் ஒரு பள்ளிச் சிறுவன் வீடு புகுந்து வெட்டப்பட்டது, இவற்றுக்குப் பின் அந்த ஊர்களில் பல மாதங்கள் தங்கி, இரு தரப்பும் நம்பும்படி விசாரித்து, அடுத்த திருவிழாவுக்கு முன் வதந்திகளைத் தடம்பிடித்து அடக்கத் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் நம்மிடம் இருந்தார்கள்? காவல்துறையினரும் வருவாய்த் துறையினரும் வந்தார்கள். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், எல்லாச் சமூக மாணவர்களும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை ஒன்றைப் பரிந்துரைத்தது. அந்தப் படைக்கு யார் பயிற்சி கொடுப்பது?

சொந்த வீட்டைச் சரிசெய்யாமல் உலகத்துக்குப் போவதா என்ற கேள்விக்கும் இதுவே என் பதில். சாந்தி சேனையும் வகுப்புக் கலவரத் தெருக்களில் நின்றுதான் வெளிநாடு போகும் தகுதி பெற்றது. தென் மாவட்டத்தில் ஓராண்டு களப்பணி செய்யாத எவரையும் தென் சூடானுக்கு அனுப்பக் கூடாது என்றே விதி வைக்கலாம்.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? முதலிடம் மொழிக்கு. பிரெஞ்சு, அரபி, சுவாஹிலி, பர்மியம் ஆகியவற்றில் ஒன்று, இவற்றோடு சிங்களம். தமிழ்நாட்டிலிருந்து அமைதியைப் பற்றிப் பேசும் எவரும் சிங்களம் அறிந்திருந்தால் நம் பேச்சின் தரமே மாறும். அடுத்து, பதிவு எழுதும் பழக்கம். கண்ணால் பார்த்தது ஒரு பத்தி, பிறர் சொல்லக் கேட்டது ஒரு பத்தி, தான் ஊகிப்பது ஒரு பத்தி. மூன்றும் கலந்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுத வைக்க வேண்டும். சாட்சியின் பெயரை எங்கே எழுதக் கூடாது, குறிப்பேடு சோதனைச் சாவடியில் பிடிபட்டால் யாருக்கு ஆபத்து என்பதெல்லாம் இதில் வரும். ஜெனீவா ஒப்பந்தங்களும் அகதிச் சட்டமும் ஒரு தாளாக இல்லாமல் இரண்டாண்டும் தொடர வேண்டும். மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்வது தனிப் பயிற்சி: அவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தத் தரப்பின் உறவினர், அவர் முன்னால் எந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள் என்று யோசிக்காமல் கேட்கப்படும் கேள்விக்குப் பொய்யான பதில் கிடைக்கும். கடைசியாக, மேலதிகாரி வேண்டாம் என்று சொன்ன பின்னும் ஓர் உண்மையை எந்த வழியில், எந்த விதியின்கீழ், யாரிடம் கொண்டு சேர்ப்பது என்ற பாடம். பெட்ரி அறிக்கையை அதற்குப் பாடநூலாக வையுங்கள்.

கற்பிக்க ஆளில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் நம் முகாம்களில் அகதிகளையே சுகாதாரப் பணியாளராக, ஆசிரியராக, மனநல ஆலோசகராகப் பழக்கி வந்திருக்கிறது. அவர்களில் ஊர் திரும்பி அங்கே பணியைத் தொடர்பவர்களும் உண்டு. போர்க்களத்தை வாழ்ந்து அறிந்த அவர்களை, பட்டம் இல்லை என்ற காரணத்தால் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தாமல், சிறப்புப் பேராசிரியராக அழைக்க உங்கள் விதிகளில் இடம் செய்யுங்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த இருபது இடங்களில் ஐந்தையாவது ஒதுக்குங்கள். குடியுரிமைச் சான்று கேட்கும் கட்டத்தை விண்ணப்பப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தப் பொருளைச் சேர்க்கக் குழு உறுப்பினர் ஒருவர் எழுத்துமூலம் கேட்டாலே போதும். அந்த ஒருவராக உங்களில் யாரேனும் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.